மூணாவது ஃபியூஸும் போச்சு

இந்த வாரக் கடிதத்தில் சர்வர் இல்ல, கிளவுட் இல்ல. ஒரு 10 ஆம்பியர் கார் ஃபியூஸ், அவ்வளவுதான். சிவப்பு கலர், கட்டைவிரல் நக அளவு, விலை சில்லறைக் காசு. இங்கிலாந்தில் செகண்ட் ஹேண்ட் கார் வச்சிருக்கிற நம்ம ஆட்கள் எல்லாருக்கும் இது என்றாவது ஒருநாள் வேலை வைக்கும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் தெருவில் ஒரு அக்கா இருக்கிறார். ஆஸ்பத்திரியில் நர்ஸ், பெரும்பாலும் நைட் ஷிஃப்ட். பத்து வருஷப் பழைய ஹேட்ச்பேக் கார். அதில் டெயில் லைட் ஃபியூஸ் எரிந்துகொண்டே இருந்தது. மாற்றினால் நாலைந்து நாள் ஓடும், மறுபடி போகும். "தம்பி, இது மூணாவது. கராஜ்ல முதல்ல பல்பு மாத்தினாங்க, அப்புறம் சுவிட்ச் மாத்தினாங்க. இப்போ ஏதோ கன்ட்ரோல் மாட்யூல் மாத்தணுமாம், 600 பவுண்டு ஆகும்ங்கிறாங்க" என்றார்.

இதில் பணம் ரெண்டாவது விஷயம். டெயில் லைட் அணைந்தது ஓட்டுகிறவருக்குத் தெரியவே தெரியாது. முன்னாடி ஹெட்லைட் எரியும். மிதிச்சா பிரேக் லைட்டும் எரியும், ஏன்னா அதுக்கு வேற ஃபியூஸ். அந்தக் காரில் டேஷ்போர்டு எச்சரிக்கையும் வராது. டிசம்பரில் இங்கே நாலு மணிக்கே இருட்டு. மோட்டார்வேயில் 70 மைல் வேகம், மழை வேற. பின்னால் வரும் லாரிக்காரருக்கு முன்னால் ஒரு கார் போவதே தெரியாது. அக்காவுக்கே சிக்னலில் பின்னாடி நின்ற ஒருத்தர் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டிச் சொன்ன பிறகுதான் தெரிஞ்சுது.

முதலில் ஒரு கணக்கு. அந்த ஃபியூஸ் கவனித்துக்கொள்வது ரெண்டு டெயில் லைட், ரெண்டு நம்பர் பிளேட் லைட். ஒவ்வொன்றும் 5 வாட். 12 வோல்டில் ஒரு பல்புக்கு 0.4 ஆம்பியர் சொச்சம், நாலுக்கும் சேர்த்து 1.7 ஆம்பியர். இந்த வகை 10 ஆம்பியர் ஃபியூஸ் 11 ஆம்பியரை 100 மணி நேரம் தாங்கும்படி செய்யப்பட்டது. 20 ஆம்பியர் ஓடினால் 5 வினாடிக்குள் போய்விட வேண்டும். அதனால், 1.7 ஆம்பியர் வேலைக்கு ஃபியூஸ் போகுதுன்னா, கரண்ட் பல்பு வரைக்கும் போகாமல் வழியிலேயே எங்கேயோ காரின் பாடியைத் தொடுது என்று அர்த்தம். பல்புக்குள்ளேயே ஷார்ட் ஆவதும் உண்டு. ஆனால் பல்பை மாத்தின பிறகும் ஃபியூஸ் போனதால் அந்தச் சந்தேகம் தீர்ந்தது.

கூடவே, "20 ஆம்பியர் மஞ்சள் ஃபியூஸ் போடுங்க, சரியாயிடும்" என்று வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது சொல்வார்கள். கேட்காதீங்க. ரிக்வெஸ்ட் ஃபெயில் ஆகுதுன்னு டைம்அவுட்டை 30 வினாடியில் இருந்து 300 ஆக்குவோமே, அதே வைத்தியம்தான். ஃபியூஸ் காப்பாற்றுவது பல்பை இல்ல, வயரை. கார் பேட்டரி ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியரைத் தள்ளக்கூடியது. ஃபியூஸ் எரியலைன்னா மெல்லிய வயரே ஃபியூஸ் ஆகிவிடும், அதுவும் கார்பெட்டுக்கு அடியில், சீட் ஃபோமுக்குப் பக்கத்தில்.

எரிந்த ஃபியூஸைத் தூக்கிப் போடவும் வேண்டாம். அதுதான் நம்ம லாக் ஃபைல். உள்ளே கம்பி நடுவில் மெதுவாக உருகி அறுந்திருந்தால் லோடு அதிகம்: வைப்பர் மோட்டாரோ ஃபேனோ சுற்ற முடியாமல் முக்குது. பிளாஸ்டிக் உள்ளே கரி அடித்துக் கறுத்திருந்தால் நேரடி ஷார்ட். அக்காவிடம் இருந்த மூணும் கறுப்பு.

அடுத்த கேள்வி: எப்போ போகுது? "எப்பவாவது" என்ற பதிலை எந்த புரொடக்‌ஷன் இன்சிடென்ட்லயும் நான் ஏற்றுக்கொள்வதில்லை. காரை நிறுத்தும்போதெல்லாம் பின் சுவரில் சிவப்பு வெளிச்சம் விழுதான்னு பார்த்து போனில் குறித்து வைக்கச் சொன்னேன். ரெண்டு வாரத்தில் ரெண்டு தடவை போனது. ரெண்டும் வாராந்திர ஷாப்பிங் போன நாள். அதாவது, டிக்கியைத் திறந்து மூடிய நாள். பாதி வேலை அங்கேயே முடிஞ்சுது.

இனி மல்டிமீட்டர். நிறைய வீடியோக்கள் கவிழ்வது இங்கேதான். ஃபியூஸைக் கழற்றிவிட்டு, அதன் லோடு பக்கத்துக்கும் பாடிக்கும் நடுவே பீப் சத்தம் வருதான்னு பார், வந்தால் ஷார்ட் என்பார்கள். எரியும்போது 5 வாட் பல்பின் ரெசிஸ்டன்ஸ் 29 ஓம் அளவில் இருக்கும். அணைந்து குளிர்ந்திருக்கும்போது ஏறக்குறைய அதில் பத்தில் ஒரு பங்குதான். நாலு பல்பும் இணையாக இருப்பதால் மீட்டர் காட்டுவது ஒரு ஓமுக்கும் கீழே. வயரிங் நல்லா இருந்தாலும் பீப் அடிக்கும்! மீட்டரை நம்ப வேண்டுமானால் பேட்டரியைத் துண்டித்து, எல்லா பல்பையும் கழற்றிவிட்டுப் பார்க்க வேண்டும். அப்படியே பார்த்தாலும், விட்டு விட்டு வரும் ஷார்ட் அந்த நேரம் பார்த்து ஒளிந்துகொள்ளும்.

இதைவிட நல்ல கருவி ஒரு சாதாரண 21 வாட் இண்டிகேட்டர் பல்பு. எரிந்த ஃபியூஸ் ஒன்றின் ரெண்டு காலிலும் வயர் சால்டர் பண்ணி, பல்பு ஹோல்டரில் இணைத்து, ஃபியூஸ் இருந்த இடத்தில் சொருகிவிட வேண்டியதுதான். (ஃபியூஸ் கம்பி முழுசா அறுந்திருக்கணும், பார்த்துக்குங்க.) இப்போ எவ்வளவு மோசமான ஷார்ட் ஆனாலும் 1.75 ஆம்பியருக்கு மேல் ஓடாது. எதுவும் எரியாது, புது ஃபியூஸும் வீணாகாது. லைட்டைப் போட்டால் நம்ம பல்பு மங்கலாக எரியும், டெயில் லைட்டும் மங்கலாக எரியும்: கரண்ட் ரெண்டு பக்கமும் பங்கு போடுது, எல்லாம் நலம். ஷார்ட் ஆன நொடியில் நம்ம பல்பு முழு வெளிச்சத்துக்குத் தாவும், டெயில் லைட் அணையும். லைவ் மானிட்டரிங்! பல்பு கொதிக்கும், கார்பெட்டில் படாமல் தொங்கவிடுங்க.

இதுக்கப்புறம் கிட் பைசெக்ட் தான். எல்லா வயரையும் இன்ச் இன்ச்சாகத் தடவ வேண்டாம். நடுவில் ஒரு கனெக்டரைக் கழற்றினால் ஷார்ட் அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று தெரிந்துவிடும். எட்டு கிளை இருந்தாலும் மூணே தடவையில் ஒரு கிளைக்கு வந்து நிற்கலாம். அக்கா காரில் அதுவும் தேவைப்படவில்லை. டிக்கி கதவு மூடியிருக்கும்போது பல்பு மங்கல். பாதி தூக்கியதும் பளிச். முழுசாகத் திறந்ததும் மறுபடி மங்கல். டிக்கி கதவுக்குப் போகும் கனெக்டரைக் கழற்றிவிட்டு எத்தனை தடவை திறந்து மூடினாலும் பளிச் வரவே இல்லை.

பாடிக்கும் டிக்கி கதவுக்கும் நடுவில் ஒரு ரப்பர் குழாய் வளைந்து போகும், பார்த்திருப்பீங்க. நம்பர் பிளேட் லைட், பின் வைப்பர், கண்ணாடி ஹீட்டர் எல்லாத்துக்கும் வயர் அதற்குள்தான். தினம் ரெண்டு தடவை திறந்தால் பத்து வருஷத்தில் 7,000 தடவைக்கு மேல் அந்த வயர்கள் ஒரே இடத்தில் மடங்கி நிமிர்கின்றன. குளிரில் மேலுறை விறைத்து வெடிக்கும். ரப்பரை இழுத்துப் பார்த்தால், நம்பர் பிளேட் வயரின் உறை விண்டு செம்பு வெளியே தெரியுது. பக்கத்தில் எர்த் வயரும் அப்படியே. பாதி திறக்கும்போது ரெண்டும் தொட்டுக்கொள்கின்றன. கன்ட்ரோல் மாட்யூலுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.

இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டுப் போவது வீண் வேலை. பிசின் விட்டு ஒரு குளிர்காலத்தில் உரிந்துவிடும். விண்ட பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, அதே தடிமனில் சிலிகான் உறை போட்ட நெகிழும் வயரை இணைத்தோம். இணைப்புகள் மடிப்பில் வராமல் பாடிக்குள் ஒன்று, கதவுக்குள் ஒன்று என்று தள்ளி வைத்து, ஹீட் ஷ்ரிங்க் போட்டோம். பக்கத்து வயர்களையும் சேர்த்தே மாற்றினோம். அவற்றுக்கும் அதே வயசுதானே. ரெண்டரை மணி நேரம், 12 பவுண்டு சாமான்.

உங்கள் காரில் வேற ஃபியூஸ் போகுதுன்னா சந்தேகப் பட்டியல் மாறும். 12 வோல்ட் சாக்கெட் ஃபியூஸ் என்றால் முதலில் டார்ச் அடித்து உள்ளே பாருங்க, சில்லறைக் காசு விழுந்திருக்கலாம். டேஷ்கேம் மாட்டின பிறகு ஆரம்பித்திருந்தால், டிரிம் பேனலுக்கு அடியில் நசுங்கிய வயர். டோ பார் இருந்தால் அதன் சாக்கெட்டில் பச்சைத் துரு.

ஏர்பேக் சர்க்யூட்டிலும் இன்ஜின் கம்ப்யூட்டரிலும் இந்த பல்பு வித்தை வேண்டவே வேண்டாம். ஹைபிரிட், எலக்ட்ரிக் காரில் ஆரஞ்சு கலர் கேபிளைத் தொடவும் வேண்டாம். அங்கே நல்ல ஆட்டோ எலக்ட்ரிஷியனிடம் போங்க. போகும்போது எரிந்த ஃபியூஸ், எந்தெந்த நாள், அப்போ என்ன செய்துகொண்டிருந்தீங்க என்ற குறிப்பு, மூணையும் கையில் கொடுங்க. அவர் பில் போடுவது மணிக்கணக்கில்.