உயர்த்தப்பட்ட ஜீப்பில் செலுத்துத் தண்டு மாற்றம்

செலுத்துத் தண்டு என்பது பல்சக்கரப் பெட்டியின் சுழற்சியை அச்சுக்குக் கொண்டுசெல்லும் குழாய் ஆகும். பணிமனைகளில் இதைப் 'புரொப்பெல்லர் சாஃப்ட்' என்பார்கள். கரடுமுரடான பாதைக்காக நீளமான சுருள்வில் பொருத்தி வண்டியை உயர்த்துவோர் பலரும் மறந்துவிடுவது இந்தத் தண்டைத்தான். 1997 முதல் 2006 வரையிலான மாதிரிகளாக வந்த அமெரிக்க வண்டியான ஜீப் ரேங்லர் டிஜே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

அதிர்வு ஏன் வருகிறது?

தண்டின் முனைகளில் சிலுவை வடிவ மூட்டுகள் (யூ-ஜாயின்ட்) உள்ளன. மூட்டு வளைந்த நிலையில் சுழன்றால், சீராக உள்ளே வரும் வேகம் சீராக வெளியே போகாது. ஒரு சுற்றுக்கு இருமுறை கூடிக் குறையும். கோணம் 20 பாகை எனில், அதன் கொசைன் ஏறத்தாழ 0.94. நிமிடத்திற்கு 1000 சுற்று உள்ளே சென்றால் தண்டின் வேகம் 940க்கும் 1064க்கும் இடையே ஊசலாடும். 5 பாகையில் இது 996க்கும் 1004க்கும் இடையே மட்டுமே. முக்கோணவியல் எதற்கு உதவும் என்று கேட்கும் மாணவருக்கு இதைக் காட்டலாம்.

இரு முனைக் கோணங்களும் சமமானால் முதல் மூட்டு கெடுத்ததை இரண்டாவது சரிசெய்துவிடும். ஆனால் நடுவிலுள்ள தண்டு ஊசலாடிக்கொண்டேதான் இருக்கும். ஆகவே கோணம் பெரிதானால் அதிர்வும் தேய்மானமும் தவிர்க்க முடியாதவை. ஓட்டத்தில் மூட்டு உடைந்து தண்டு கழன்றால் உயிருக்கே ஆபத்து.

டிஜேயின் பின் தண்டு மிகக் குட்டை. சிக்கலின் வேர் அதுவே. கிடையாக இருக்கும் 50 செ.மீ. தண்டின் ஒரு முனையை 10 செ.மீ. உயர்த்தினால் ஏறத்தாழ 11 பாகை சாயும்; 150 செ.மீ. தண்டு 4 பாகைதான் சாயும்.

மாற்று வழிகள்

மலிவான வழி, டிரான்ஸ்ஃபர் கேஸைத் தாங்கும் அடித்தகட்டைத் துண்டு வைத்துச் சற்றுக் கீழிறக்குவது. கோணம் குறையும்; வண்டியின் வயிறும் தரைக்கு நெருங்கும். உயர்த்தியதன் பயனில் ஒரு பகுதியை இப்படித் திருப்பிக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

முறையான வழி, டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்புறம் தண்டு வழுக்கி நகரும் நீண்ட முனையை நீக்கி, குட்டையான நிலைமுனை பொருத்துவது. முனை குறைந்த அளவுக்குத் தண்டு நீளும், கோணம் தணியும். இன்னொரு நன்மையும் உண்டு. பழைய அமைப்பில் தண்டைக் கழற்றினால் எண்ணெய் ஒழுகிவிடும். நிலைமுனையில் ஒழுகாது, பின் தண்டு உடைந்தால் அதைக் கழற்றிவிட்டு முன்சக்கர இழுவையில் வீடு திரும்பலாம். 2003இல் வந்த ரூபிக்கான் வகையில் நிலைமுனை தொழிற்சாலையிலேயே உண்டு.

புதிய தண்டின் மேல்முனையில் இரட்டை மூட்டு இருக்கும். வளைவை அதன் இரு சிலுவைகளும் பாதிப்பாதியாகப் பகிர்ந்து, ஒன்றின் ஊசலாட்டத்தை மற்றது அடக்கும். எனவே கீழ்முனையில் கோணம் ஏறத்தாழ இல்லாதிருக்க வேண்டும். நீளம் மாற்றக்கூடிய கைகளால் பின் அச்சைச் சுழற்றி, பினியனைத் தண்டை நோக்கித் திருப்புவார்கள். 1 அல்லது 2 பாகை தாழ்வாக விடுவது வழக்கம். முடுக்கும்போது பினியன் தானே மேலெழும்.

தண்டுக்கு நீளம் அளக்கும்போது வண்டி தன் எடையுடன் சக்கரங்களில் நிற்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போது எடுத்த அளவு பொருந்தாது.