ஒரு பானையும் ஒரு சோறும்: உளவியல் மாணவரும் புள்ளியியலும்

உள்ளத்தின் இயல்பை அறியப் புகுந்த தமக்குச் சராசரியும் திட்ட விலக்கமும் எற்றுக்கு என உளவியல் மாணவர் வினவுதல் உண்டு. உளவியல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் 1916-இலும் சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1943-இலும் தனித்துறையாயிற்று. 1997-இல் நிறுவப்பெற்ற சேலம் பெரியார் பல்கலைக்கழகத்திலும் பயிலப்படுகின்றது. எங்குப் பயிலினும் ஆராய்ச்சி நெறிமுறையும் புள்ளியியலும் விலக்கவொண்ணாப் பாடங்களாம். அதற்குரிய காரணத்தைப் பழமொழி ஒன்றைக் கொண்டே விளக்கலாம்.

1. மாதிரி

'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பர். நீரும் நெருப்பும் பானை முழுமைக்கும் பொது. ஆதலின் ஒரு சோறு போதும். மக்கள் தொகுதியோ ஒரே பானை அன்று. சேலம் நகர மக்களின் மனக்கவலையை அளக்கக் கருதிய மாணவர் ஒருவர், ஃபேர்லேண்ட்ஸ் வீடுகளில் மட்டும் வினாநிரலை வழங்கினார் என்று கொள்வோம். மருத்துவமனைகளும் வசதியுடைய குடும்பங்களும் மிக்க அப்பகுதியின் விடை, அம்மாபேட்டைத் தறிமுன் அமர்ந்திருக்கும் நெசவாளரின் விடை ஆகுமா?

ஈண்டு இருவகைப் பிழைகளை வேறுபடுத்தி அறிதல் வேண்டும். ஒன்று தற்செயற் பிழை. இது மாதிரி பெருகக் குறையும். திட்ட விலக்கம் 10 ஆயின், 25 பேரைக் கொண்ட மாதிரியில் சராசரியின் திட்டப்பிழை 2. 100 பேராயின் 1. மற்றொன்று தேர்வுச் சாய்வு. இஃது எண்ணிக்கையால் தீராது. அமெரிக்க இதழொன்று 1936-இல் 20 இலட்சத்துக்கு மேற்பட்ட விடைச்சீட்டுகளைப் பெற்றும், வெற்றி லாண்டனுக்கே எனப் பிழைபடக் கூறிற்று, வென்றவர் ரூசுவெல்ட்டு. தொலைபேசியும் உந்துவண்டியும் உடையோர் பட்டியல்களைப் பெரிதும் நம்பியது அதன் காரணங்களுள் ஒன்று.

2. மிகைகாண் சோதனை

இரு குழுக்களின் சராசரிகள் வேறுபடின், அவ்வேறுபாடு தற்செயலாய் எழக்கூடியதா என ஆராய்வதே மிகைகாண் சோதனை. டப்ளின் மதுவடிசாலையில் பணியாற்றிய காசெட்டு, 1908-இல் 'மாணவன்' என்னும் புனைபெயரில் வெளியிட்ட கட்டுரை இதற்கு அடிப்படையாயிற்று. உண்மையில் வேறுபாடே இல்லாதவிடத்தும், 5 விழுக்காட்டு நிலையில் 100 சோதனைகள் செய்யின் ஏறத்தாழ ஐந்து 'வேறுபாடு உண்டு' என்றே காட்டும். அவ்வைந்தை மட்டும் வெளியிட்டு ஏனையவற்றை மறைப்பின், பொய்யே அறிவாகிவிடும். 2015-இல் வெளிவந்த கூட்டாய்வொன்று 100 உளவியல் ஆய்வுகளை மீளச் செய்தது. முதல் ஆய்வுகளுள் 97 விழுக்காடு மிகைகாண் முடிவு தந்தன. மீளச் செய்தபோது 36 விழுக்காடே அவ்வாறு தந்தன. எண்ணை அறியாமையினும், அறிந்து தவறாக ஆளுதல் கேடு பயக்கும் என்பது இதனாற் பெறப்படும்.

3. சொல்லும் அளவையும்

தமிழ் ஆய்வாளர்க்கு இதில் என்ன பங்கு? ஆங்கில வினாநிரலைத் தமிழாக்குங்கால் ஒரே சொல்லுக்குக் கவலை, அச்சம், பதற்றம் என மூன்று சொற்கள் எதிர்நிற்கும். இவற்றுள் எதனை இடுகின்றோமோ, அதனையே அளக்கின்றோம். தமிழாக்கியதை மற்றொருவர் மீண்டும் ஆங்கிலமாக்கி ஒப்பிடும் முறை ஓரளவு துணைபுரியும். ஆயினும் நூலாரின் சொல்லும் நெசவாளரின் சொல்லும் ஒன்றா என்பதை, வழக்கறிந்தாரே உரைக்கவியலும். பிழைபட்ட வினாவுக்கு வந்த விடையை எந்தச் சூத்திரமும் திருத்தாது.

ஆகவே, ஒரு சோற்றை எடுக்குமுன் அஃது எந்தப் பானையினது என வினவுதலே உளவியல் மாணவர் புள்ளியியலிற் கற்க வேண்டிய முதற்பாடம். ஒரே ஏட்டைக் கொண்டு பாடங்கொள்ளத் தயங்கும் பதிப்பாசிரியர்க்கு இப்பாடம் புதிதன்று. அவ்வினாவைச் சேர்ந்து வினவுதல் இவ்விரு துறையார்க்கும் கடனாகும்.