கடைசி ஆட்டமும் ஏரி உள்வாயும்

நம் காலனிகளில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த பையன் எந்த ஞாயிற்றுக்கிழமையோடு ஆட்டத்தை நிறுத்தினான் என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒப்பந்த வேலை கிடைக்கும். ஒரு வாரம் பகல் ஷிஃப்ட், ஒரு வாரம் இரவு ஷிஃப்ட். ஞாயிறன்று ஓ.டி.க்குக் கூப்பிட்டால் மறுக்க முடியாது. பிறகு கல்யாணம். மட்டை தம்பியின் கைக்குப் போய்விடும்.

அதனால்தான் காலனிப் பையன் ஒருவர், "கடைசி மேட்ச் ஆடிட்டு வந்துட்டேண்ணா" என்று சொன்னபோது வியப்பாக இருந்தது. அவர் ஆடியது கிரிக்கெட் அல்ல, அல்டிமேட் ஃபிரிஸ்பி. சென்னையில் படித்தபோது பெசன்ட் நகர் கடற்கரையில் கற்றுக்கொண்டவர். வேலைக்கு வந்த பிறகும் விடியற்காலை மின்சார ரயில் பிடித்துப் போய் ஆடிவந்தார். இப்போது ஷிஃப்ட் ஒத்துவரவில்லை.

1968-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பள்ளி மாணவர்கள் உருவாக்கிய ஆட்டம் இது. பந்துக்குப் பதில் 175 கிராம் எடையுள்ள பிளாஸ்டிக் தட்டு. புல்தரையில் அணிக்கு ஏழு பேர். தட்டைப் பிடித்தவர் அதோடு ஓடக்கூடாது. பத்து விநாடிக்குள் அடுத்தவருக்கு வீச வேண்டும். கடற்கரை மணலில் அணிக்கு ஐந்து பேர் போதும். ஊரூர் ஆல்காட் குப்பத்து மீனவப் பிள்ளைகளும் ஐ.டி. ஊழியர்களும், ஆணும் பெண்ணும் ஒரே அணியில் ஆடுகிறார்கள். நடுவர் கிடையாது. தவறு நடந்தால் ஆடுகிறவர்களே சொல்லி, பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியினரும் கலந்து, தோளில் கைபோட்டு வட்டமாக நிற்பது வழக்கம். அந்த வட்டத்தில்தான் இவருக்கு விடைகொடுத்திருக்கிறார்கள். அன்று இவர் அணி தோற்றுவிட்டது. "ஒடம்பெல்லாம் வேர்வையும் மணலும்ணா. யாரும் தள்ளி நிக்கல" என்றார். கடற்கரை சமத்துவபுரமாகிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. இங்கிலீஷ் பேசுகிறவரின் குரல் அங்கும் உரக்கத்தான் கேட்கும். 'எந்த ஏரியா?' என்ற கேள்வி அங்கும் உண்டாம்.

ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வார்கள், பக்கத்தில் உட்காரவிட மாட்டார்கள் என்பது இந்திய விளையாட்டின் பழைய கதை. பல்வங்கர் பாலு அதற்குச் சாட்சி. தோல் தொழில் செய்யும் சமார் சமூகத்தில் பிறந்தவர். பூனாவில் வெள்ளைக்காரர் கிளப்பில் ஆடுகளத்தைப் பெருக்கிச் சீர்செய்யும் வேலை பார்த்துக்கொண்டே, அவர்களுக்குப் பயிற்சிப் பந்து வீசியவர். வெற்றி வேண்டுமே என்று இந்து அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. தேநீர் இடைவேளையில் மட்டும் வெளியே நிறுத்தி மண் குவளையில் கொடுத்தது. 1911-ல் இங்கிலாந்துக்குப் போன அகில இந்திய அணிக்காக நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தும், இந்து அணியின் தலைமை அவருக்குக் கிடைக்கவில்லை. 1920-ல் பம்பாய்ப் போட்டியின்போது அவருடைய தம்பிகள் விட்டலும் சிவராமும் நியாயம் கேட்டு அணியிலிருந்து விலகினார்கள். அதன் பிறகே பாலுவைத் துணைத் தலைவராக்கினார்கள். இறுதி ஆட்டத்தில் தலைவர் பை சிறிது நேரம் மைதானத்தை விட்டு வெளியேற, அந்த இடைவெளியில்தான் பாலு அணியை நடத்தினார். அதுவே அவர் ஆடிய கடைசிப் பருவம். மூன்று ஆண்டுகள் கழித்து, 1923-ல், தம்பி விட்டல் அணித் தலைவரானார்.

பூனாவை விடுங்கள். நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே ஊர் அணி, காலனி அணி என்று இரண்டு அணிகள் உள்ள கிராமங்கள் இருக்கின்றன. வெளியூர்ப் போட்டிக்குக் காலனிப் பையனின் பந்துவீச்சு தேவைப்படும், அழைத்துப் போவார்கள். கோப்பையோடு திரும்பினால், ஊர்வலம் காலனி திரும்பும் முனையில் நின்றுவிடும். அந்தப் பையனுக்கு எந்த வட்டத்தில் விடைகொடுப்பார்கள்?

கடற்கரையிலிருந்து திரும்பியவரிடம் பழைய தட்டுகள் மூன்று இருக்கின்றன. வார ஓய்வு எந்த நாளில் விழுகிறதோ அன்று மாலையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். அரசுப் பள்ளி மைதானம் ஊர்த் தெருப் பக்கம் இருக்கிறது. மாலையானால் கேட்டைப் பூட்டிவிடுகிறார்கள். அதனால் இப்போதைக்குக் காய்ந்து கிடக்கும் ஏரி உள்வாய்தான் மைதானம். போன தடவை பன்னிரண்டு பிள்ளைகள் வந்தார்கள். அதில் நான்கு பேர் ஊர்த் தெருப் பிள்ளைகள், இருவர் பெண் பிள்ளைகள். ஐப்பசியில் ஏரியில் தண்ணீர் ஏறிவிடும். அதற்குள் மைதானத்தைத் திறந்துவிடக் கேட்டுத் தலைமையாசிரியரிடம் மனு கொடுத்திருக்கிறோம். இரண்டு தெருப் பெற்றோரும் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.