டாப் குவார்க்குகள் ஜோடி சேர்ந்தனவா?

விடியும் முன் ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறீர்களா? மூட்டை மூட்டையாக வந்து குவிவதைத் தரம் பிரித்து லாரியில் ஏற்றுவார்கள். ஜெனிவா அருகே உள்ள செர்ன் ஆய்வுக் கூடத்தில் இந்தத் தரம் பிரிக்கும் வேலையைச் செய்பவை கம்ப்யூட்டர்கள். அங்கே 27 கிலோமீட்டர் சுற்றளவு வளையத்தில் புரோட்டான் கற்றைகள் விநாடிக்குச் சுமார் 4 கோடி முறை குறுக்கிடுகின்றன. சில ஆயிரம் மோதல்கள்தான் சேமிக்கப்படுகின்றன. மற்றவை போனது போனதுதான். ரீசைக்கிள் பின்னில்கூடத் தேட முடியாது!

அப்படிச் சேமித்த டேட்டாவில்தான் ஒரு புதுச் செய்தி கிடைத்திருக்கிறது.

கனமான குவார்க்கும் அதன் எதிர் குவார்க்கும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஒரே துகளாக இருக்க முடியும். சார்ம் குவார்க் ஜோடியை 1974-லும், பாட்டம் ஜோடியை 1977-லும் கண்டுபிடித்தார்கள். மிச்சம் இருந்தது டாப். 1995-ல் அமெரிக்காவின் பெர்மிலேபில் கண்டுபிடிக்கப்பட்ட இது, புரோட்டானைப்போல் சுமார் 184 மடங்கு கனமானது. ஆயுளோ மிக மிகக் குறைவு. ஒரு விநாடியை 1-க்குப் பின் 25 பூஜ்யம் போட்ட எண்ணால் வகுத்து, அதில் 5 பங்கு எடுத்தால் எவ்வளவோ அவ்வளவுதான். கை கோக்கவே நேரம் இல்லை. ஆனாலும் அந்தக் கணப்பொழுது ஈர்ப்பு ஒரு தடயத்தை விட்டுச் செல்லும் என்று விஞ்ஞானிகள் முன்பே கணக்கிட்டிருந்தார்கள்.

செர்னின் சி.எம்.எஸ். குழு 2016 முதல் 2018 வரை சேர்த்த டேட்டாவில் வேறு கனமான துகள் ஒன்றைத் தேடியது. அப்போது, இரண்டு டாப் குவார்க்குகள் பிறக்கத் தேவையான குறைந்தபட்ச ஆற்றலுக்கு அருகில் மோதல்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்தன. இதை 2025 மார்ச்சில் அறிவித்தார்கள். ஜூலையில் அட்லஸ் குழுவும் அதையே கண்டது. சி.எம்.எஸ். குழுவில் மும்பை டாட்டா ஆராய்ச்சி நிலையமும் சென்னை ஐ.ஐ.டி.யும் உண்டு.

இது 'டாப்போனியம்' என்ற ஜோடியா? அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் இதுவரை அறியாத வேறு துகளாகவும் இருக்கலாம். "எதிர்பார்த்தது" என்பதே கம்ப்யூட்டரில் போட்ட கணக்குதானே! அந்தக் கணக்கை இன்னும் துல்லியமாக்கினால்தான் முடிவு தெரியும்.

நீங்களும் பார்க்கலாம். செர்னின் ஓப்பன் டேட்டா தளத்தில் மோதல் படங்களை பிரவுசரிலேயே மவுசால் திருப்பிப் பார்க்க முடியும். முழு டேட்டாவையும் டவுன்லோட் செய்யும் ஆசை மட்டும் வேண்டாம். 2016-ல் வெளியிட்ட தொகுப்பு மட்டுமே 300 டெராபைட். உங்கள் ஹார்ட் டிஸ்க் 1 டெராபைட் என்றால் அதுபோல் 300 வேண்டும்!