கோடையில் அகழி வெட்டும் தன்னார்வலர்கள்: ஒரு நாள் மட்டும் வருவோருக்கு ஆபத்து அதிகம் ஏன்?

மகாராஷ்டிரத்தின் வறண்ட மாவட்டங்களில் மழைநீர்ச் சேமிப்புப் பணிகள் ஏப்ரல், மே மாதங்களில்தான் மும்முரமாக நடைபெறுகின்றன. வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இந்நாள்களில், மண்வெட்டியும் கடப்பாரையுமாகக் களமிறங்கும் தன்னார்வலர்களில், பழக்கமின்றி ஒரு நாள் மட்டும் வந்து செல்வோரே வெப்பத்தால் பாதிக்கப்படும் வாய்ப்பு அதிகம்.

இப்பணிக்கு வேறு பருவம் இல்லை. ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்குவதற்குள் மலைச்சரிவுகளில் சமமட்ட அகழிகள் தயாராக வேண்டும். சரிவின் குறுக்கே ஒரே உயரத்தில் வெட்டப்படும் இவை, ஓடிவரும் நீரைத் தடுத்து மண்ணுக்குள் இறக்குகின்றன. அறுவடை முடிந்து வயல்கள் காலியாக இருப்பதும், விவசாயிகளுக்கு ஓய்வு கிடைப்பதும் கோடையில்தான். அகழி தேவைப்படும் சரிவுகள் பெரும்பாலும் மரங்களற்றவை என்பதால், ஒதுங்க நிழலும் இருப்பதில்லை.

நடிகர் ஆமிர் கான், இயக்குநர் கிரண் ராவ் ஆகியோர் தொடங்கிய பானி அறக்கட்டளை, 2016 முதல் 2019 வரை நடத்திய 'வாட்டர் கப்' போட்டி இத்தகைய உழைப்பைப் பெரும் இயக்கமாக்கியது. முதல் ஆண்டில் 3 வட்டங்களைச் சேர்ந்த 116 கிராமங்கள் பங்கேற்றன. 2018இல் போட்டி 75 வட்டங்களுக்கு விரிந்தது. கோடையில் 45 நாள்கள் கிராம மக்கள் உழைத்தனர். மகாராஷ்டிர தினமான மே 1 அன்று மும்பை, புணே போன்ற நகரங்களிலிருந்தும் தன்னார்வலர்கள் திரண்டு வந்தனர்.

கிராமவாசிக்கும் நகரவாசிக்கும் உள்ள வேறுபாடு மனவலிமையில் இல்லை. உழைக்கும் தசைகள் செலவிடும் ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாகவே வெளிப்படுகிறது. சுற்றியுள்ள காற்று உடலைவிடச் சூடாக இருக்கும்போது, அந்த வெப்பத்தை வெளியேற்ற வியர்வை ஆவியாவது ஒன்றே வழி. நாள்தோறும் வெயிலில் உழைப்பவரின் உடல் 1 முதல் 2 வாரங்களில் இதற்குப் பழகிவிடுகிறது. வியர்வை விரைவாகவும் அதிகமாகவும் சுரக்கிறது. அதில் வெளியேறும் உப்பின் அளவு குறைகிறது. இதயத்தின் சுமையும் தணிகிறது. குளிர்சாதன அறையிலிருந்து நேரே வருபவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. இரவுப் பயணத்தில் உறக்கம் கெட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

திறந்தவெளிப் பணியிடங்களில் வெப்பத்தால் நேரும் உயிரிழப்புகளில் 50 முதல் 70 சதவீதம் வரை, வேலையில் சேர்ந்த முதல் சில நாள்களிலேயே நிகழ்வதாக அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு நிர்வாகம் தெரிவிக்கிறது. புதியவர்களுக்கு முதல் நாளில் வழக்கமான பணி நேரத்தில் 20 சதவீதம் மட்டுமே வெயிலில் வேலை தரலாம் என்பது அந்நாட்டின் தொழிலிடச் சுகாதார ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரை. உற்சாகத்தோடு வந்தவரை ஒன்றரை மணி நேரத்தில் உட்காரச் சொல்வது ஒருங்கிணைப்பாளர்களுக்குச் சங்கடமாகத் தோன்றலாம். ஆயினும் கடப்பாரை வேலையைப் பழகியவர்களிடம் விட்டு, புதியவர்களை மண் கூடை கைமாற்றும் வரிசையிலோ தண்ணீர் வழங்கவோ நிறுத்துவதே பாதுகாப்பானது.

நண்பகல் 12 முதல் 3 மணி வரை வெளியே செல்வதைத் தவிர்க்குமாறு தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அறிவுறுத்துகிறது. வாட்டர் கப் கிராமங்கள் பலவற்றில் விடியற்காலையிலும், இரவில் விளக்கொளியிலும் வேலை நடந்தது. தாகம் எடுக்கும்வரை காத்திராமல் 15 முதல் 20 நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரு குவளை நீர் அருந்த வேண்டும். மணிக்கணக்கில் வியர்ப்பவர் வெறும் நீரை மட்டுமே அளவின்றிக் குடித்தால் இரத்தத்தில் உப்பின் அளவு குறையக்கூடும். உப்பிட்ட மோர், எலுமிச்சை நீர், ஓஆர்எஸ் கரைசல் ஆகியவை இதை ஈடுசெய்யும்.

தலைசுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு ஆகியவை வேலையை நிறுத்தவேண்டிய முதல் எச்சரிக்கைகள். பேச்சு குழறுதல், குழப்பம், மயக்கம் ஆகியவை வெப்பவாதத்தின் அறிகுறிகளாக இருக்கலாம். வெப்பவாதத்தில் வியர்வை நின்றுவிடும் என்ற கருத்து பரவலாக உள்ளது. கடும் உழைப்பால் ஏற்படும் வெப்பவாதத்தில் உடல் வியர்வையில் நனைந்தே இருக்கக்கூடும் என்பதால், அதை நம்பிக் காத்திருப்பது உயிருக்கு ஆபத்து. 108 ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, அது வந்து சேரும்வரை பாதிக்கப்பட்டவரை நிழலில் கிடத்தி, உடல் முழுவதும் குளிர்ந்த நீரை ஊற்றி விசிறிக்கொண்டே இருக்க வேண்டும். நினைவு தெளிவில்லாதவரின் வாயில் நீர் புகட்டக் கூடாது.