பருத்த மூக்கு! குடியும் அல்ல, தொற்றும் அல்ல!

செட்டிநாட்டில் ஒரு கல்யாண வீடு. முகப்பில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய மூக்கு பருத்து, சிவந்து, குழி குழியாக, கொய்யாப் பழம் போல இருக்கிறது.

"தண்ணி போடுகிறவர்!" என்று ஒருவர் கண்ணைச் சிமிட்டுகிறார். "பெருவியாதியாக இருக்கும், தள்ளி உட்கார்!" என்கிறார் இன்னொருவர்.

பெரியவரோ காப்பியைத் தவிர வேறு எதையும் தொடாதவராக இருக்கலாம்!

இந்த நோய்க்கு 'ரைனோபைமா' என்று பெயர். பெரும்பாலும் ஆண்களுக்கு, நடுத்தர வயதுக்குமேல் வருகிறது. ஒருவரிடமிருந்து மற்றவருக்கு ஒட்டாது.

கோடீஸ்வரரின் மூக்கு

ஜே.பி.மார்கன் அமெரிக்காவின் பெரிய கோடீஸ்வரர். நம் நகரத்தாரைப் போல லேவாதேவியில் வளர்ந்தவர். 1907-ம் ஆண்டு அமெரிக்க பாங்கிகள் ஆட்டம் கண்டபோது, அவற்றைத் தாங்கிப் பிடித்தவர் அவர்தான். அப்பேர்ப்பட்டவர், போட்டோ என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். காரணம், இதே மூக்கு! படங்களில் அவர் மூக்கைத் திருத்தித்தான் வெளியிட்டார்கள். 1913-ல் அவர் இறந்தார். மூக்கு கடைசிவரை அப்படியே இருந்தது.

மூக்கு ஏன் பருக்கிறது?

முகம் அடிக்கடி சிவந்து, பருக்கள் கிளம்பும் 'ரோசேசியா' என்ற தோல் நோய் உண்டு. அது முற்றும்போது சிலருக்கு மூக்கில் உள்ள எண்ணெய்ச் சுரப்பிகள் வீங்குகின்றன. தோல் தடிக்கிறது. மாநிறத் தோலில் சிவப்பு சட்டென்று தெரியாது. அதனால் நம் ஊரில் பலர் ஆரம்பத்தில் கவனிப்பதில்லை.

வெயில், கொதிக்கும் காப்பி, காரம் ஆகியவை சிலருக்கு முகச்சிவப்பைக் கிளப்பும். (மிளகு போடாத செட்டிநாட்டுக் குழம்பா? கஷ்டம்தான்!) மதுவும் கிளப்பும். ஆனால் ஒரு சொட்டு மது தொடாதவர்களுக்கும் இந்த நோய் வருகிறது.

சிலர் மருந்துக் கடையில் ஏதோ ஒரு களிம்பை வாங்கிப் பூசுகிறார்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் ஆபத்து. முதலில் குணமானது போலத் தெரியும். பிறகு நோய் அதிகமாகும்!

சீவி எடுக்கிறார்கள்

ஆரம்பத்திலேயே டாக்டரிடம் போனால் மாத்திரை, களிம்புகளால் நோயை அடக்கலாம். தோல் நன்றாகத் தடித்துவிட்டால் ஆபரேஷன்தான்.

மூக்கு மரத்துப்போக ஊசி போடுகிறார்கள். பிறகு கத்தியால், அல்லது மின்சாரக் கம்பியால், அல்லது லேசர் கதிரால், தடித்த தோலை மெல்ல மெல்லச் சீவி எடுக்கிறார்கள். எல்லாவற்றையும் எடுப்பதில்லை. சுரப்பிகளின் அடிப்பாகத்தை விட்டுவைக்கிறார்கள். அதிலிருந்து புதுத்தோல் தானாகவே முளைக்கிறது! இரண்டு, மூன்று வாரங்களில் புண் மூடிவிடும். அளவுக்குமேல் ஆழமாகச் சீவினால் தழும்பு விழும். ஆகவே தேர்ந்த கை வேண்டும். மாநிறத் தோலில் நிறம் மாறவும் கூடும். சிலருக்குத் தோல் மறுபடி தடிப்பதும் உண்டு.

சீவிய தோலைச் சோதனைக்கு அனுப்புவார்கள். அபூர்வமாக அதற்குள் புற்றுநோய் ஒளிந்திருக்கும்.

பெருவியாதி என்ற சந்தேகம் இருந்தால் அதையும் டாக்டரிடமே தீர்த்துக்கொள்ளலாம். அந்த நோயில் சாதாரணமாக உணர்ச்சியற்ற தேமல் இருக்கும். அதுவும் மருந்தால் குணமாகிறது. அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மருந்து இலவசம்.

காரைக்குடிக்காரர்கள் வெகுதூரம் அலையவேண்டாம். 2012-ல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி சிவகங்கையில் இருக்கிறது. அதன் ஆஸ்பத்திரியில் தோல் டாக்டரைக் கேட்டுப் போகலாம்.