வண்டுப் புழுவைக் கொல்லும் பச்சைப் பங்கசைப் பிரித்தறிதல்

தென்னையின் குருத்தைத் துளைத்து நாசமாக்கும் காண்டாமிருக வண்டு, உக்கிய தென்னங்குற்றிகளிலும் எருக்குவியல்களிலும் முட்டையிட்டுப் பெருகுவதைக் கமக்காரர் நன்கறிவர். எருவைக் கிளறும்போது, அவ்வண்டின் புழுக்களிடையே விறைத்து இறந்து பச்சைத்தூள் படிந்த புழு ஒன்று சிலவேளை காணப்படும். அதனை வீசிவிடலாகாது. அத்தூள், புழுவைக் கொன்ற மெற்றாறைசியம் என்னும் பங்கசின் வித்திகளாக இருக்கக்கூடும்.

1879 ஆம் ஆண்டில் மெச்சினிக்கோவு என்னும் விஞ்ஞானி, ஒடெசாப் பகுதியில் தானியப் பயிரை அழித்த வண்டின் புழுக்களில் இவ்வகைப் பங்கசை ஆராய்ந்தார். இதன் வித்தி புழுவின் தோலில் ஒட்டி, முளைத்து, தோலைத் துளைத்து உட்புகும். ஆதலால் புழு அதனை உண்ணவேண்டுவதில்லை.

சேகரித்தல்

இறந்த புழுக்களைத் தனித்தனிக் கடதாசி உறைகளில் இட்டு, இடத்தையும் திகதியையும் எழுதுக. ஒன்றாக இட்டால் ஒன்றின் பங்கசு மற்றொன்றிற் படியும்.

பிரித்தெடுத்தல்

பச்சைத்தூள் தோன்றாத புழுவை, 1 சதவீத சோடியம் ஐப்போகுளோரைற்றுக் கரைசலில் ஒரு நிமிடம் அமிழ்த்தி, கிருமியழித்த நீரில் மும்முறை கழுவுக. பின்னர் ஈரமான வடிதாள் இட்ட மூடிய கிண்ணத்தில் வைக்குக. சில நாட்களில் வெண்ணிற இழைகள் வெளிப்பட்டுப் பின்னர் பச்சையாகும். சுவாலையிற் காய்ச்சி ஆறவிட்ட ஊசியால் வித்திகளைத் தொட்டு, பற்றீரியாவைத் தடுக்கும் மருந்து சேர்த்த உருளைக்கிழங்கு ஏகரில் இடுக. 25 முதல் 28 பாகை சதமவெப்பம் ஏற்றது.

இனங்காணல்

பச்சை நிறம் ஒன்றே சான்றாகாது. அசுபேர்சிலசு முதலிய பங்கசுகள் வேறு காரணத்தால் இறந்த புழுவிலும் பச்சையாகப் படரும். நுணுக்குக்காட்டியில், அசுபேர்சிலசின் வித்திகள் உருண்டையாய் ஒரு வீங்கிய தலையைச் சூழ்ந்து நிற்கும். மெற்றாறைசியத்தின் வித்திகளோ நீண்ட உருளை வடிவினவாய்ச் சங்கிலிபோற் கோத்துத் தூண்களாக நெருங்கி நிற்கும். காண்டாமிருக வண்டைத் தாக்கும் மெற்றாறைசியம் மேசசு இனத்தில் அவை பெரும்பாலும் 10 மைக்கிரோனுக்கு மேல் நீண்டிருக்கும். இனத்தை உறுதிசெய்யப் பரம்பரையலகுச் சோதனையும் வேண்டும்.

இறுதிச் சோதனை

வளர்த்த வித்திகளை நலமான புழுக்கள் சிலவற்றில் இடுக. வேறு சிலவற்றை வித்தியின்றி அதேவகை எருவில் வைக்குக. முன்னவை இறந்து, அவற்றிலிருந்து அதே பங்கசு மீண்டும் கிடைத்து, பின்னவை உயிருடன் இருப்பின், கொன்றது இதுவே எனத் துணியலாம்.

இச்சோதனையின்றித் தவறான பங்கசைப் பெருக்கி எருவில் இட்டால், உழைப்பு வீணாவதுடன் வண்டும் பெருகும். அன்றியும், அசுபேர்சிலசில் சில வகைகள் மனிதருக்கும் கால்நடைக்கும் கேடான நஞ்சை உண்டாக்குவன. எனவே, ஐயமுள்ள புழுவைக் கையால் தொடாது, உறையிலிட்டு உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் ஒப்படைப்பீர்களாக.